ஆறு முக்கால் நாலரை

என் அப்பா பார்த்து ரசித்த ஒரே ஆங்கில நிகழ்ச்சியில் ஆங்கிலம் பேசாத பகுதி ஆறு அல்லது ஏழு நிமிடம்தான் வரும். அதற்காக அவர் தினமும் அரை மணி நேரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

1997-ல் நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அம்மா இறந்த பிறகு மும்பையில் தனியாக இருந்த அப்பாவை ஆறு மாதத்துக்கு அழைத்துவந்திருந்தேன். எட்டாம் வகுப்போடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறியவர் அவர். ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியே எங்களைப் படிக்கவைத்தவர். கடன் சீட்டையும் மாட்டுங்கா மார்க்கெட்டின் விலைப்பலகையையும் படிக்கும் அளவுக்குத்தான் ஆங்கிலம். வெளியே குளிர். நான் காலையில் போனால் இரவுதான் வருவேன். அவருக்குத் துணை டி.வி.

சேனலை மாற்றிக்கொண்டே வந்தவர் ஒரு நாள் மாலை 'கவுன்ட்டவுன்' நிகழ்ச்சியில் நின்றுவிட்டார். சேனல் 4 தொடங்கிய நாளான 1982 நவம்பர் 2 அன்று அதன் முதல் நிகழ்ச்சியாக ஒளிபரப்பானது இது. மூலம், பிரான்ஸில் 1965-ல் பிறந்த ஒரு சொல் விளையாட்டு. எழுத்தோடு எண்ணையும் சேர்த்துக்கொண்டு பல்லாண்டுகள் ஓடியது. ஆங்கில வடிவத்தை அப்போது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்த யார்க்‌ஷயர் டெலிவிஷன் ஸ்டுடியோவில்தான் படம்பிடித்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது, ஏதோ குலதெய்வக் கோயில் அடுத்த தெருவில் இருப்பதைக் கேள்விப்பட்டவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஆட்டம் எளிது. இரண்டு பேர். ஒன்பது எழுத்துகளை எடுத்து 30 விநாடிக்குள் நீளமான சொல்லை அமைக்க வேண்டும். அப்போது இது ஆறு சுற்று. ஒன்பது எழுத்தையும் பயன்படுத்தினால் இரட்டை மதிப்பெண், 18. கடைசியில் ஒரு கலைந்த சொல். நடுவே இரண்டே இரண்டு எண் சுற்று. அந்த இரண்டுக்காகத்தான் அப்பா மற்ற ஏழையும் பொறுத்துக்கொண்டார், அர்ச்சனைக்கு நடுவே தீபாராதனைக்குக் காத்திருப்பது போல.

எண் சுற்றில் ஆறு எண்கள். 1 முதல் 10 வரை சிறியவை. 25, 50, 75, 100 என்று நாலு பெரியவை. எத்தனை பெரியது வேண்டும் என்று போட்டியாளர் கேட்பார். கரோல் வோர்டர்மன் அட்டைகளைப் பலகையில் வைப்பார். ஒரு மின்னணுக் கருவி மூன்று இலக்க எண் ஒன்றைக் காட்டும். ஆறு எண்களையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாமல் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து அந்த எண்ணை அடைய வேண்டும். எந்தப் படியிலும் பின்னம் வரக் கூடாது. சரியாக அடைந்தால் 10. யாருக்கும் வராவிட்டால் வோர்டர்மன் பெரும்பாலும் போட்டுக்காட்டிவிடுவார். அப்பா அவருக்கு வைத்த பெயர் 'கணக்கு டீச்சர்'. பளிச்சென்ற கோட்டு போட்டுக்கொண்டு, தானே ஜோக் சொல்லித் தானே சிரித்த நடத்துநர் ரிச்சர்ட் வைட்லி 'கோட்டுக்காரர்'.

ஜெயித்தால் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டார். தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தால் விலகிக்கொண்டு, பிறகு சாம்பியன் சுற்றுக்கு வர வேண்டும். அதிலும் ஜெயித்தால் இருபது தொகுதி ஆக்ஸ்ஃபோர்டு அகராதி என்றேன்.

"பணம் கிடையாதா?"

"கிடையாதுப்பா."

"அப்ப நல்ல ஆளுங்கதான் வருவாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. 1996-ல் எல்லா சாம்பியன்களுக்கும் மேலான சாம்பியன் யார் என்று ஒரு போட்டி நடத்தி ஹார்வி ஃப்ரீமன் ஜெயித்தார். பின்னாளில் கானர் டிராவர்ஸ் என்ற சிறுவன் 14 வயதில் சாம்பியனாகி, 2013-ல் நிகழ்ச்சியின் 30-ம் ஆண்டுப் போட்டியையும் வென்றார். இவர்கள் யாரும் இதனால் கோடீஸ்வரர் ஆகவில்லை. பிற்காலத்தில் தினசரி வெற்றியாளருக்குக் கிடைத்தது ஒரு தேநீர்க் குடுவை. அதற்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள்.

அப்பா எண் சுற்றில் பேப்பர், பேனா எடுக்க மாட்டார். கண்ணை மூடி உதட்டை அசைப்பார். கடிகார இசை முடிவதற்குள் பல நாள் விரலைத் தொடையில் தட்டுவார். விடை வந்துவிட்டது என்று பொருள். ஓரிரு சனிக்கிழமைகளில் பதிவு செய்து வைத்ததைக் கூட உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் எனக்கு ஆச்சரியத்தைவிட வேறொன்றுதான் அதிகமாக இருந்தது. அதன் பெயர் கூச்சம். ஒரு முறை அலுவலக நண்பர்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவை 'கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர்' என்று அறிமுகப்படுத்தினேன். டி.வி.யைக் காட்டி அவர் ஏதோ சொல்லத் தொடங்கியதும் பேச்சை மாற்றினேன். அவருக்குப் புரிந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டார்.

அந்த ஆண்டு ஒரு நாள் நான் வீடு திரும்பியதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எய்யா, இன்னைக்கு ஒரு பையன் கணக்கு போட்டான் பாரு. கணக்கு டீச்சரே சிரிச்சிட்டா. நாலு பெரிய நம்பரையும் கேட்டு வாங்கினான்." எனக்கு மறுநாள் முக்கியமான வேலை. "நாளைக்குப் பார்க்கலாம்பா" என்றேன். மூன்று நாள் கழித்து நீள நோட்டுடன் வந்தார். "அவன் போனது சுத்து வழி. நேர் வழி ஒண்ணு இருக்கு." நான் போனில் இருந்தேன். வைத்துவிட்டுப் போகும்படி கையைக் காட்டினேன். பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மும்பைக்குத் திரும்பினார். 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் ஒரு கோடி ரூபாயோடு 'கோன் பனேகா குரோர்பதி' தொடங்கியபோது தெருவே அதைப் பார்த்தது. போனில் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கே இல்லையே" என்றார். 2004-ல் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்துவந்தேன். ஒரு பக்கத்தின் தலைப்பு: 'கால், அரை, முக்கால், ஒண்ணு.' கீழே எண்கள். வீட்டுச் செலவு என்று நினைத்து மூடிவைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவர் இணையத்திலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். 1997 'கவுன்ட்டவுன்'. போட்டியாளர் ஜேம்ஸ் மார்ட்டின். பலகையில் 25, 50, 75, 100, 3, 6. அடைய வேண்டியது 952. அவர் 100-ஐயும் 6-ஐயும் கூட்டி 106 ஆக்குகிறார். மூன்றால் பெருக்கி 318. அதை 75-ஆல் பெருக்கி 23,850. ஐம்பதைக் கழித்து 23,800. இருபத்தைந்தால் வகுத்தால் 952. மூன்று இலக்க விடைக்கு இருபத்துமூன்றாயிரம் வரை போய்த் திரும்பியதில் வோர்டர்மன் அசந்துபோகிறார். அவர் அதில் கண்டது 106 ஒன்பது 954, கழித்தல் 2. ஒன்பதுக்கு 75-ஐ 25-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க வேண்டும். இரண்டுக்கு 50-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும். இருப்பதோ ஒரே 25. அதனால் வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். முப்பது விநாடியில், விளக்கு வெளிச்சத்தில் அது தோன்றியது பெரிய விஷயம்.

952 என்பதைப் பார்த்ததும் எழுந்துபோய் நோட்டை எடுத்தேன். அப்பா முதலில் அந்த இளைஞரின் வழியைப் படிப்படியாக எழுதியிருந்தார். 'அரை நிமிஷத்தில் எனக்கு வரவில்லை. பையனுக்கு வந்தது' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே கோடு போட்டு அவருடைய வழி.

தலைப்பு அப்போதுதான் புரிந்தது. நூறு ஒன்று என்றால் 75 முக்கால், 50 அரை, 25 கால். நமக்கு இது டி.வி. விளையாட்டு, அவருக்கு ரூபாயும் கஜமும். சிறு வயதில் திண்ணையில் கத்திக்கத்தி மனப்பாடம் செய்த பின்ன வாய்ப்பாட்டில், ஆறு முக்கால் நாலரை. நாலரையில் எத்தனை அரை? ஒன்பது. அதாவது 6-ஐ 75-ஆல் பெருக்கி 450. ஐம்பதால் வகுத்து 9. நூறும் மூன்றும் 103. ஒன்பதால் பெருக்க 927. மிச்சமிருக்கும் கால், 25. கூட்டினால் 952. ஆறு எண்களும் தீர்ந்தன. எங்கேயும் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனது. போட்டியில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால், அந்த மூன்று நாளும் அந்நிய ஊரில், பேசத் துணையில்லாத வீட்டில், திண்ணையில் படித்ததை வைத்துக்கொண்டு ஒரு போட்டியாளரோடு போட்டியிட்டிருக்கிறார். கடைசியில் ஜெயித்தும் இருக்கிறார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார்.

எம்.எஸ்சி. கணிதம் படித்த எனக்கு நாலரையில் ஒன்பது அரை என்பதைப் புரிந்துகொள்ளத் தாளும் பேனாவும் தேவைப்பட்டன. பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அவர் சொல்லியிருக்கக்கூடிய விதத்தில் கணக்கை வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தேன். முப்பது விநாடியில் பாதிகூட ஆகவில்லை.