வேலையிலையோ, வீட்டிலையோ?

அன்புள்ள மச்சான்,

விடிய ஐந்து மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் துண்டு எடுக்க நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: "கனடாவிலை சனல் பண்ணி நேரம் எடுக்காமலே டொக்டரிட்டைப் போகலாமாமே?"

போகலாம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இரண்டு வோக்-இன் கிளினிக். ஒன்று கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில். மற்றது நகைக்கடைக்கும் வரிக்கணக்குச் செய்பவருக்கும் நடுவில். ஸ்காபரோவில் ஒரு பிளாசா கட்டினால் இந்த நாலும் தானாக முளைத்துவிடும். உள்ளே போவது லேசு. போனதும் கேட்கிற முதல் கேள்வி இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்வதுதான் பாடு.

எங்கள் பேஸ்மெண்டில் ஒரு பெடியன் இருக்கிறான். முல்லைத்தீவுப் பக்கம். வந்து ஒரு வருடம் ஆகவில்லை, அகதிக் கேஸ் போய்க்கொண்டிருக்கிறது. ஏஜென்சி மூலமாக இரவில் வெயர்ஹவுஸ் வேலை. போன செவ்வாய் காலமை வேலையால் வந்தவன் என் கதவைத் தட்டிவிட்டு, வலது கையை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, ஃபார்மசியிலை நோவுக்கு என்ன கேக்கலாம்?"

கையை வெளியே எடுக்கச் சொன்னேன். பெருவிரல் நகம் நாவற்பழம் மாதிரி. இரண்டு ஸ்கிட்டுக்கு நடுவில் அகப்பட்டிருக்கிறது. ஸ்கிட் என்றால் சாமான் பெட்டிகளை அடுக்குகிற மரத்தட்டு. ஃபோர்க்லிஃப்ட் தன் இரண்டு பல்லையும் அதற்குள் விட்டுத் தூக்கும். இரவு இரண்டு மணிக்கு நசிந்த விரலோடு காலை ஏழு மணி வரைக்கும் நின்று வேலை செய்திருக்கிறான்.

கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெளியே மைனஸ் 15. ஒன்பது மணிக்குத்தான் கதவு திறக்கும், எட்டரைக்கே பதினொரு பேர். உள்ளே கதிரைகளுக்குக் கீழே சப்பாத்திலிருந்து கரைந்த பனியும் உப்பும் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். சுவரில் ஓர் அறிவித்தல்: ஒரு தரத்துக்கு ஒரு வருத்தம் மட்டும். முழங்கால் நோ, சீனி, முதுகுக் கடி, மகனின் போமில் ஒரு கையெழுத்து என்று ஒரு மாதத்துக்குச் சேர்த்துக்கொண்டு வருகிற எங்கள் ஆச்சிமாருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் இல்லை. எந்த வருத்தத்தைத் தெரிவது என்று அங்கேயே இருந்து யோசிப்பார்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த அக்கா சுன்னாகத்தாள். பெடியனின் கையைக் கண்டுவிட்டுக் கேட்டா: "தம்பி, வேலையிலையோ, வீட்டிலையோ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். "டொக்டரிட்டைச் சொல்லுறம் அக்கா" என்று சமாளித்துவிட்டு வந்து இருந்தோம்.

அந்தக் கேள்வி அவவின் விடுப்பு அல்ல மச்சான். இந்த விரலுக்கு யாருடைய பையிலிருந்து காசு வரும் என்பது அதில்தான் இருக்கிறது. என்னைப் போல நிரந்தரமாக இருப்பவன் போனால் ஒன்ராறியோ மாகாணத்தின் ஓஹிப் சுகாதாரக் கார்டை நீட்டினால் போதும், டொக்டர் ஒரு சதம் கேட்கமாட்டார். இது சும்மா வந்த தர்மம் இல்லை. 1984-இல் கனடா சுகாதாரச் சட்டம் வந்து, நோயாளியிடம் மேலதிகமாக வாங்கவிடும் மாகாணத்துக்கு ஒட்டாவா மத்திய அரசின் பணத்தில் வெட்டு விழும் என்றது. 1986-இல் ஒன்ராறியோ அந்த மேலதிகக் கட்டணத்தைத் தடை செய்தபோது இங்கே டொக்டர்மார் 25 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வித்தை உங்கள் ஊரில் மட்டும் என்று நினையாதை. மருந்து, பல், கண்ணாடி எல்லாம் வேறு கணக்கு. லீவுக்குத் துண்டு எழுதினால் அதற்கும் காசு. இன்னொரு கூத்து: எனக்கென்று ஒரு குடும்ப டொக்டர் இருக்கிறார். நான் வோக்-இன் போனால் அவருக்கு வரவேண்டிய ஊக்கத்தொகையில் வெட்டு விழும். அடுத்தமுறை கண்டால் மனிசன் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருப்பார். அவரிடம் நேரம் கேட்டால் மூன்று கிழமை என்பார்கள். காய்ச்சல் மூன்று கிழமை காத்திருக்குமா?

பெடியனுக்கு ஓஹிப் கார்டு இல்லை. அகதிக் கோரிக்கை போட்டவர்களின் வைத்தியச் செலவை ஒட்டாவாவின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பார்க்கும். வீட்டில் நசிந்தது என்றால் பில் ஒட்டாவாவுக்கு. வேலையில் என்றால் டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு. அது வேலைத்தலக் காப்புறுதிச் சபை, காசு முழுக்க முதலாளிமாருடையது.

அவனுடைய பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதே கட்டடத்தின் மேல்மாடியில்தான் வந்த புதிதில் அவனுக்கு இமிக்ரேஷன் மெடிக்கல் நடந்தது. அதை எல்லா டொக்டரும் செய்யமுடியாது. குடிவரவுத் திணைக்களத்தின் பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டும்தான். கடிதம் கிடைத்து முப்பது நாளுக்குள் போகவேண்டும். உயரம், நிறை, கண், சலம். பதினைந்து வயதிலிருந்து இரத்தம், அதில் எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பார்ப்பார்கள். பதினொரு வயதிலிருந்து நெஞ்சு எக்ஸ்ரே. கசம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. எப்போதோ வந்து ஆறிய கசத்தின் தழும்பு நெஞ்சில் தெரிந்தால் போச்சு. மூன்று நாள் சளி எடுத்துக் கொடுத்துவிட்டு, அது வளருதா என்று அவர்கள் பார்த்து முடிக்கும் வரைக்கும் கிழமைக்கணக்கில் இருக்கவேண்டும்.

முடிவு என்ன என்று அந்த டொக்டரைக் கேட்டுப் பயனில்லை. அவர் அனுப்புகிறவர் மட்டும். எல்லாம் கணினி வழியே நேராகத் திணைக்களத்துக்குப் போய்விடும். அந்த மெடிக்கல் பன்னிரண்டு மாதத்துக்குச் செல்லும். உன் வருத்தம் நாட்டுக்கு அதிகச் செலவு வைக்குமா என்று சாதாரணமாகக் குடியேற வருகிறவனுக்குப் பார்ப்பார்கள். அகதிக்கு அதைப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் நான் அவனுக்கு அப்போதே சொன்னேன். ஆனால் எட்டு வயதில் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் வரிசையில் நின்ற பிள்ளை. வெள்ளைக் கோட்டும் ஃபைலும் கண்டால் அவன் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போகும்.

வந்தவனின் உடம்பைத் தட்டிப் பார்ப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. சென் லோரன்ஸ் ஆற்றில் குரோஸ் ஈல் என்று ஒரு தீவு. காலராவுக்குப் பயந்து 1832-இல் அங்கே கப்பல்களை மறித்துச் சோதிக்கத் தொடங்கி, 1937 வரைக்கும் நடத்தினார்கள். 1847-இல் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர் டைபஸ் காய்ச்சலில் செத்து, ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தத் தீவிலேயே புதைக்கப்பட்டார்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். புல் முளைத்த மேடுகள், அவ்வளவுதான்.

பெடியனுக்கு மேல்மாடியும் கீழ்மாடியும் ஒன்று. மேலே எழுதினது திணைக்களத்துக்குப் போனது என்றால் கீழே எழுதுகிறதும் போகும் என்று நினைக்கிறான். வேலையில் காயம் என்று எழுதினால் "பிரச்சினைக்காரன்" என்று கேஸில் விழும் என்று வெயர்ஹவுஸில் யாரோ வேறு சொல்லியிருக்கிறான். இரண்டும் இரண்டு அரசாங்கத்தின் கீழ் உள்ளவை, அகதிக் கேஸைத் தீர்ப்பது வேறு ஆட்கள் என்று கதிரையில் இருந்தபடி காதுக்குள் சொன்னேன். தலையாட்டினான். நம்பவில்லை.

இந்த இடத்தில் உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். 2017-இல் ஊருக்கு வந்தபோது, உன் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கையில் நீ கேட்டாய்: "இடக்கைச் சுட்டுவிரலுக்கு என்ன நடந்தது? மடக்குறாயில்லை." வெங்காயம் வெட்டினது என்றேன். பொய் மச்சான்.

1993 மாசி. நான் அப்போது ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. சம்பளம் கையில், காசாக. முதலாளி எங்கடை ஆள்தான். இறைச்சி சீவுகிற மெஷினைக் கழுவும்போது அலகு சுட்டுவிரலில் இறங்கிவிட்டது. துவாயைச் சுற்றி, தன் காரிலேயே கொண்டுபோய்க் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டார். நல்ல மனிசன் என்றுதான் அப்போது நினைத்தேன். இறங்கும்போது சொன்னார்: "வீட்டிலை வெங்காயம் வெட்டினது எண்டு சொல்லும். இல்லாட்டி எனக்கும் கரைச்சல், உமக்கும் கரைச்சல்." உள்ளே இருந்த டொக்டர் வயதான யூதர். ஏழு இழை போட்டு, ஏற்பு ஊசியும் போட்டார். போட்டுவிட்டு, "என்ன கத்தியால் வெட்டினாய்?" என்றார். குசினிக் கத்தி என்றேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலால் என்னையும் பார்த்தார். பிறகு நான் சொன்னதையே எழுதினார்.

இரண்டு கிழமை வேலையில்லை, சம்பளமும் இல்லை. மூன்றாம் கிழமை போனபோது என் இடத்தில் வேறொரு பெடியன் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றான். நரம்பு சரியாகப் பொருந்தவில்லை, பயிற்சி எடுக்கவேண்டும் என்றார்கள். அதற்குக் கொடுக்க என்னிடம் காசில்லை. வெங்காயம் வெட்டினவனுக்கு யார் கொடுப்பார்?

கொடுக்க ஒரு சபை இருந்தது. அன்றைக்கு அதன் பெயர் டபிள்யூ.சி.பி., 1998-இல்தான் பெயர் மாறியது. வில்லியம் மெரெடித் என்ற நீதியரசர் 1913-இல் எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்து 1914-இல் வந்த சட்டம். கணக்கு இவ்வளவுதான்: தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடமாட்டான். பதிலுக்கு முதலாளிமார் எல்லாரும் சேர்ந்து ஒரு பானையில் காசு போடுவார்கள். யாருடைய பிழை என்று கேளாமல் காயப்பட்டவனுக்கு அந்தப் பானையிலிருந்து கொடுப்பார்கள். காயப்பட்ட நாளின் முழுச் சம்பளத்தையும் முதலாளி கொடுக்கவேண்டும். அடுத்த நாளிலிருந்து, இப்போது கையில் வருகிற சம்பளத்தில் 85 வீதம் சபை கொடுக்கும். வைத்தியச் செலவும் பயிற்சியும் அதோடு சேர்த்தி. விஷயம் தெரிந்து மூன்று வேலைநாளுக்குள் முதலாளி அறிவிக்கவேண்டும். தொழிலாளிக்கு ஆறு மாத அவகாசம்.

டொக்டர் நிரப்புவது எட்டாம் இலக்கப் போம். அதில் ஒரு பக்கத்தைக் காயப்பட்டவன் கையில் தந்துவிடுவார்கள், வேலைத்தலத்தில் கொண்டுபோய்க் கொடுக்க. என்ன வருத்தம் என்று அதில் இராது. எவ்வளவு தூக்கலாம், குனியலாமா, வலக்கை பாவிக்கலாமா என்பது மட்டும். அந்தப் பக்கத்தை எழுதினவனுக்குக் கோயில் கட்டலாம். என் முதலாளிக்கு என் விரலைப் பற்றி என்ன தெரியவேண்டுமோ அதை மட்டும் சொல்கிற கடதாசி அது.

பிறகேன் எல்லாரும் ஒளிக்கிறார்கள் என்று கேட்பாய். காயக்கணக்கு ஏறினால் முதலாளி கட்டுகிற தொகையும் ஏறும். ஏஜென்சிப் பெடியன் என்றால் வெயர்ஹவுஸின் கணக்கில்கூட விழாது, சட்டப்படி ஏஜென்சிதான் அவனுக்கு முதலாளி. ஏஜென்சி வழக்கும் போடாது, சண்டையும் பிடிக்காது. அடுத்த கிழமை கூப்பிடாது, அவ்வளவுதான். காயப்பட்டவனைத் திரும்ப வேலைக்கு எடுக்கவேண்டும் என்ற கடப்பாடு ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவனுக்குத்தான். அதுவும் இருபது பேருக்குக் குறையாத இடத்தில். எங்கள் பெடியனுக்கு அங்கே ஏழு மாதம்.

பத்தேமுக்காலுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். டொக்டர் எகிப்திலிருந்து வந்தவர், மெல்லிய குரல். விரலைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்டார்.

பெடியன் என் பக்கம் திரும்பினான். "மாமா, கார்க் கதவிலை நசிஞ்சது எண்டு சொல்லுங்கோ. சூப்பர்வைசர் அப்பிடித்தான் சொல்லச் சொன்னவர்."

அவனுக்கு ஆங்கிலம் போதாது என்றுதான் நான் கூடப் போனது. அந்த அறையில் என் வாய்தான் அவன் வாய். அவன் சொன்னதைச் சொன்னால் முப்பது வருடத்துக்குப் பிறகு அதே வெங்காயம். சொல்லாமல் விட்டு உண்மையைச் சொன்னால், அவனுக்குச் சோறு போடுகிற வேலையில் நான் கைவைக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் என் இடக்கையை மேசைமேல் வைத்து விரல்களைப் பொத்தினேன். நாலு மடங்கியது. சுட்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டொக்டரைப் பார்த்து, தானே, ஒரே சொல்லாய்ச் சொன்னான்: "வேர்க்."

டொக்டர் தலையாட்டிவிட்டு, பேனை மாதிரி ஒரு கருவியை எடுத்தார். பொத்தானை அழுத்த நுனிக்கம்பி சிவந்தது. அதை நகத்தின் நடுவில் வைத்தார். மயிர் பொசுங்கின மணம். சுர் என்று கறுத்த இரத்தம் துவாரத்தால் பீறி டொக்டரின் கையுறையில் தெறித்தது. பெடியனின் முகம் அப்படியே இளகியது. இரவு முழுக்க அடக்கின மூச்சை அப்போதுதான் விட்டான் போல. பிறகு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள், நுனி எலும்பில் மெல்லிய வெடிப்பு. வெளியே வரும்போது சுன்னாகத்து அக்கா போமின் அந்தப் பக்கத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், "நனையவிடாதையும் தம்பி" என்றா.

அன்றைக்குப் பின்னேரமே ஏஜென்சியிலிருந்து அவன் போனுக்குச் செய்தி: இந்தக் கிழமை ஷிஃப்ட் இல்லை. நேற்று சபையிலிருந்து கோரிக்கை இலக்கத்தோடு கடிதம் வந்தது. அதை அகதிக் கேஸ் ஃபைலுக்குள் வைக்க அவன் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறான்.

ஏஜென்சி இன்னும் கூப்பிடவில்லை. சும்மா இருக்க ஏலாது மாமி, தேங்காய் திருவித் தாறன் என்று இன்றைக்குக் காலமை கட்டுப்போட்ட விரலோடு மேலே ஏறி வந்தான். மனிசி திருவலையைப் பறித்துக்கொண்டு கீழே துரத்திவிட்டா.

அன்புடன்,
உன் மச்சான்
ஸ்காபரோ