உமிக்குள் முட்டை

போன மாதம் ஹொஸ்டல் அறையில நாங்கள் மூன்று பேரும் ஒரு ஆவணப்படம் பார்த்தோம். 2023 மே 1ஆம் திகதி கொலம்பியாவின் அமேசன் காட்டுக்குள் செஸ்னா 206 ரகச் சிறிய விமானமொன்று விழுந்தது. அதிலிருந்த பெரியவர்கள் மூவரும் இறந்துவிட்டார்கள். நான்கு பிள்ளைகள் நாற்பது நாட்களுக்குப் பிறகு உயிரோடு கிடைத்தார்கள். கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயசுதான்.

"அதிசயம்தான்" எண்டு எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவள் லப்டொப்பை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். ஏன் எண்டு எங்களுக்கு விளங்கியது. போன வருசம் அவள் வந்த வான் இரவில் மதகொன்றில் மோதியது. அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பக்கத்தில் இருந்த ஐயா செத்துப்போனார். பார்க்கப் போன எல்லாரும், நாங்களும்தான், "கடவுள் காப்பாத்திட்டார்" எண்டோம். "அப்ப அந்த ஐயாவை?" எண்டு கேட்டாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கலைப்பீடத்துக்காரர் நாங்கள். பௌதிகத்தை ஓ.எல்.லோடு கைகழுவியாச்சு. ஆனாலும் அவளுக்காகத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் விமானம் ஒரு மீற்றருக்குள் நின்றால், உள்ளே இருப்பவர் மேல் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 39 மடங்கு விசை வரும். 50 கிலோ ஆள் அந்தக் கணத்தில் இரண்டு தொன். அதே வேகம் பத்து மீற்றரில் அடங்கினால் நான்கு மடங்குதான். வேகம் மட்டுமில்லை, நிற்கிறதுக்குக் கிடைக்கிற தூரமும்தான் கணக்கு. கொலம்பியாவில் மர உச்சிகளில் மோதியபோதே எஞ்சினும் புரொப்பெல்லரும் பிய்ந்துபோயின. பிறகு விமானம் மூக்குக் குத்தி நின்றது. முன்பகுதி நசுங்க, பின்பகுதிக்குச் சேதம் குறைவு.

இதையெல்லாம் முதலில் கேள்வியாக்கியவர்களில் ஒருவர் ஹியூ டி ஹேவன். முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் பயிற்சியில் இருந்த அமெரிக்கர். வானில் இன்னொரு விமானத்தோடு மோதி விழுந்து, ஈரல் கிழிந்தும் பிழைத்தார். அதிர்ஷ்டம் எண்டுதான் அவருக்கும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. தன் வயிற்றைக் கிழித்தது பெல்ட்டின் கொளுவிதான் எண்டு நினைத்தார். 1942இல், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்து பிழைத்த எட்டுப் பேரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் ஒரு பெண் 144 அடி விழுந்தவர். அவர் விழுந்த உலோகப் பெட்டி ஓர் அடிக்கு மேல் நசுங்கி, அவரைத் தாங்கியிருக்கிறது.

முட்டைகளைக் கீழே போட்டும் பரிசோதித்தாராம். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஊரிலிருந்து அம்மா உமிக்குள்ள முட்டை வைச்சு அனுப்புறதும் இந்தப் பௌதிகம்தானே! பெட்டி உடையக்கூடாது, உள்ளே இருக்கிறது ஆடக்கூடாது, இடையில் நசுங்க ஏதாவது இருக்கவேணும். சிறிய விமானங்களில் இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டால் தலையும் நெஞ்சும் முன்னுக்குப் போய் அடிபடும். 1986 டிசெம்பருக்குப் பிறகு தயாரித்த சிறு விமானங்களில் எல்லா இருக்கைக்கும் தோள்பட்டி வேணும் எண்டு அமெரிக்கா சட்டம் போட்டது. டி ஹேவன் விழுந்து கிட்டத்தட்ட எழுபது வருசம். ஏன் இவ்வளவு காலம் எண்டு எங்களுக்குக் கோபம்தான்.

வாசித்ததை அவளுக்குச் சொன்னோம். கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு முன்னாலை இருந்த சீற்றின்ரை முதுகு வளைஞ்சு போச்சு. ஐயா கதவுப் பக்கத்து மடக்குச் சீற்றிலை. அவருக்கு முன்னாலை ஒண்டுமில்லை" எண்டாள். அன்றைக்குத்தான் அவள் அந்த இரவைப் பற்றி முழுசாகக் கதைத்தாள். அழுதாள்தான். ஆனால் "ஏன் நான்" எண்டு கேட்கவில்லை.

போன கிழமை வீட்டுக்குப் போக வானில் ஏறினோம். சீற் கவருக்குக் கீழே கையை விட்டுப் பெல்ட்டுகளை இழுத்தெடுத்தோம். இரண்டுக்குக் கொளுவி இருந்தது, மூன்றாவதுக்கு இல்லை. "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, மெதுவாத்தான் போவன்" எண்டார் டிரைவர் அண்ணா. கொளுவி இருந்த சீற்றில் முதலில் அவளை இருத்தினோம். மற்றதுக்கு வவுனியா வரைக்கும் ஒருத்தி, அங்காலை மற்றவள்.