வால்டருக்கு போஸ்டர், நான்சிக்குத் திட்டு

எங்க ஹாஸ்டல் ப்ளாக்ல நாலஞ்சு கதவுல வால்டர் வைட் போஸ்டர் இருக்கு. உங்க ப்ளாக்லயும் இருக்கும். ஆனா நான்சி பாட்வின் யாருன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்றது ஒண்ணுதான்: "அவளா? அவல்லாம் ஒரு அம்மாவாடா?"

'வீட்ஸ்' ஷோடைம் சேனல்ல 2005-ல ஆரம்பிச்சு 2012 வரைக்கும் எட்டு சீசன் ஓடுன தொடர். 'பிரேக்கிங் பேட்' வந்ததே 2008-லதான். கலிஃபோர்னியாவுல அக்ரெஸ்டிக்னு ஒரு கற்பனைப் புறநகர், அச்சுல வார்த்த மாதிரி வீடுகள். சின்னப் பையன் ஷேனோட ஜாகிங் போன அப்பா, அவன் கண் முன்னாடியே மாரடைப்புல போயிடுறார். ரெண்டு பசங்க, பெரிய வீடு, வருமானம் இல்ல. நான்சி அக்கம்பக்கத்துலயே கஞ்சா விக்க ஆரம்பிக்கிறா. அவகிட்ட வாங்குறவர்ல ஒருத்தர் நகரசபை உறுப்பினர் டக். அவளுக்குக் கணக்கு பார்க்கிறதும் அவரேதான்! சிரிக்காம பார்க்க முடியாது.

வீட்டை வித்துட்டு சின்ன வீட்டுக்குப் போயிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. அவ வேலைக்காரம்மாவைக்கூட நிறுத்தல. கையில எப்பவும் ஸ்ட்ரா போட்ட ஐஸ் காஃபி. அவ காப்பாத்த நினைச்சது உயிரை இல்ல, வசதியை.

சரி, வால்டர்? சிகிச்சைச் செலவை நானே பார்த்துக்கறேன்னு பழைய நண்பர் எலியட் சொன்னாரே! வேணாம்னுட்டுத்தான மறுபடியும் மெத் காய்ச்சப் போனார்? அவர் வீம்பு நமக்கு மாஸ், இவ வசதி மட்டும் பேராசை. அப்பா தப்பு பண்ணா குடும்பத்துக்காகப் பண்ணதாயிடுது. அம்மா பண்ணா மொதல்ல பசங்க எங்கன்னு தேடுறோம்.

நான்சி நல்லவன்னு சொல்ல வரல. எனக்கு அவ மேல கோபம் வர்ற இடம் வேற. அவளுக்குச் சரக்கு தர்ற ஹேலியாங்கிற கறுப்பினப் பெண்மணி வீட்டுச் சமையல் மேசையிலேயே வியாபாரம் பண்றவங்க. குடும்பமும் அந்த வீட்டுலதான். போலீஸ் வந்தா மொதல்ல யார் கதவைத் தட்டும்? நான்சிக்கு வேலை முடிஞ்சதும் காரை எடுத்துக்கிட்டு அக்ரெஸ்டிக் திரும்பிட முடியுது. இதுக்கு அவளைத் திட்டுங்க, நானும் சேர்ந்துக்கறேன்.

பசங்க விஷயம் (பார்க்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க): அஞ்சாவது சீசன் கடைசியில, அம்மாவை மிரட்டுற பிலாரை ஷேன் குரோக்கே மட்டையால அடிச்சுக் கொன்னுடறான். ஜாகிங்ல அப்பா விழுந்ததைப் பார்த்த அதே பையன்.

நாலாவது சீசன்லேர்ந்து கதை ஊர் ஊரா அலையுது, கொஞ்சம் தடுமாறுது. மூணு சீசன் போதும். அந்த மூணாவது கடைசியில காட்டுத்தீ ஊருக்குள்ள வருது. எந்த வீட்டுக்காக இவ்வளவும் பண்ணாளோ, அந்த வீட்டுக்குள்ள நான்சியே பெட்ரோல் ஊத்திப் பத்த வைக்கிறா.