டெட்ராய்ட்டிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்ட் வரை சில ரொட்டிகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் காரோட்டிச் செல்பவருக்கு உணவு என்பது நெடுஞ்சாலையின் வெளிவழியில் தெரியும் பெயர்ப்பலகைதான். எல்லா ஊரிலும் அதே பலகைகள், அதே ருசி. அவற்றைத் தவிர்த்து, பழைய கடைகளை மட்டுமே தேடிச் செல்வது என்று முடிவுசெய்து நண்பர் ஒருவருடன் மூன்று நாட்கள் பயணம் செய்தேன். "இவர்களுக்கு ஏது சமையல்? ரொட்டிக்கு நடுவே மாமிசம், அவ்வளவுதானே" என்பது நண்பரின் கட்சி.

டெட்ராய்ட்டில் 1917இல் கஸ்ட் கெரோஸ் என்ற கிரேக்கர் தொடங்கிய அமெரிக்கன் கோனி ஐலண்டும், அதே குடும்பத்திலிருந்து கிளைத்த லஃபாயெட் கோனி ஐலண்டும் அடுத்தடுத்த வாசல்கள். சாஸேஜின் மேல் பீன்ஸ் சேர்க்காத கொத்துக்கறிக் குழம்பு, கடுகு விழுது, நறுக்கிய பச்சை வெங்காயம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உள்ளூர்க்காரர்கள் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டால் மாறுவதில்லை. பெயர் நியூயார்க் கடற்கரையினுடையது, கைப்பக்குவம் கிரேக்கர்களுடையது, பசி கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களுடையது.

டொலீடோவில் ஹங்கேரியக் குடியேறிகளின் மகனான டோனி பாக்கோ 1932இல் கடை திறந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலம். முழு சாஸேஜின் விலை கட்டுப்படியாகாதென்று அதைப் பாதியாகப் பிளந்து ரொட்டியில் வைத்தார். 'ஹங்கேரியன் ஹாட் டாக்' பிறந்தது ஹங்கேரியில் அல்ல, ஒஹையோவில்.

இந்தியானாவில் வொயிட் காசிலுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தோம். சங்கிலிக் கடைதான் என்றாலும் 1921இல் விசிட்டா நகரில் தொடங்கிய மூத்த கடை. சிகாகோ இறைச்சிக்கூடங்களைப் பற்றிய அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் 1906இல் வெளிவந்தபின் அரைத்த இறைச்சி என்றாலே மக்கள் அஞ்சினர். வெள்ளைச் சுவர்களும் கண்முன்னே நடக்கும் சமையலும் அந்த அச்சத்துக்குச் சொல்லப்பட்ட பதில்கள். ஐந்து துளையிட்ட சதுர இறைச்சித்துண்டு வெங்காய ஆவியிலேயே வேகிறது.

சிகாகோவில் ஹாட் டாக் ஒரு சடங்கு. கசகசா தூவிய ரொட்டி, பளீரென்ற பச்சை வெள்ளரித் தொக்கு, தக்காளி, வினிகரில் ஊறிய சிறு மிளகாய், செலரி உப்பு. தக்காளி சாஸ் கேட்பது பாவம். 1893 உலகக் கண்காட்சியில் ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த இரு யூதர்கள் விற்ற மாட்டிறைச்சி சாஸேஜிலிருந்தே 'வியன்னா பீஃப்' வளர்ந்தது. "நீங்கள் சொன்ன 'இவர்கள்' யார்?" என்று நண்பரைக் கேட்டேன். கிரேக்கரா, ஹங்கேரியரா, யூதரா? அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டின் கோஸி டாக், பழைய 66ஆம் எண் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலை 1985இல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எட் வால்ட்மயர், குச்சியில் செருகிய சாஸேஜைச் சோளமாவில் தோய்த்துப் பொரித்து 1946இல் விற்கத் தொடங்கினார். ஏறத்தாழ நம் பஜ்ஜி முறைதான். அவர் மகன் பாப் வால்ட்மயர், அந்தச் சாலையைக் கோட்டோவியங்களாக வரைந்தவர், சைவ உணவுக்காரர். 2006இல் வெளிவந்த 'கார்ஸ்' படத்தின் ஃபில்மோர் என்ற வேன் இவரை மனத்தில் வைத்து உருவானது. பொம்மைகள் பர்கர் கடையின் குழந்தைகள் உணவோடு சேர்ந்து போகும் என்பதால் தன் பெயரைத் தர மறுத்தார். 2009இல் காலமானார்.

நண்பரின் மகள் கல்லூரிக்குப் போனபின் மாமிசத்தை விட்டவள். அப்பாவின் மீன்குழம்பைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. அவர் அந்த ஓவியங்களின் முன் வெகுநேரம் நின்றார். "அப்பனும் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்துதானே சாப்பிட்டிருப்பார்கள்?" என்றார். பிறகு கல்லாவில் ஒரு படஅஞ்சலட்டை வாங்கி, மகளின் விலாசத்தை அங்கேயே எழுதினார்.