பல்பு எரிந்தால்தான் நம்புவார்

மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றிக் கேரளம் போய்வரும் நண்பர் ஒருவர்தான் அந்தப் பட்டறையைச் சொன்னார். "எந்த வண்டி நின்னாலும் ஈசிஎம் போச்சுன்னு சொல்றதுக்கு நூறு பேர் இருக்காங்க. போகலைன்னு சொல்ற ஆள் இவர் ஒருத்தர்தானுங்க" என்றார். கோவை உக்கடத்தில், பழைய வண்டிச் சாமான் கடைகளைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. மாஸ்டர் பட்டறை என்று கேட்டால் வழி சொல்கிறார்கள்.

நான் போன நேரம், கயிறு கட்டி இழுத்து வந்த பிக்கப் வண்டி ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, என்ஜினை ஆளும் மின்னணுப் பெட்டியான ஈசிஎம்மை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேட்ட தொகை ஓட்டுநரின் மூன்று மாதத் தவணையைத் தாண்டியது. வண்டி ஓடாத நாளுக்கும் தவணை உண்டு, வட்டியும் உண்டு.

பழைய டீசல் பிக்கப்புகளில் எரிபொருள் பம்ப் முழுக்க இயந்திரம். ஸ்பேனரும் நல்ல காதும் இருந்தால் பழுது பிடிபட்டுவிடும். 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுக்க வந்தன; 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. புகையைக் கட்டுப்படுத்த எரிபொருளை ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் மில்லி நொடிக் கணக்கில் திறந்து மூட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போடுவது ஈசிஎம் என்கிற அலுமினியப் பெட்டி. ஆக்சிலேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே இப்போது கேபிள் இல்லை. மிதிக்கும் அளவு மின்சாரமாக இந்தப் பெட்டிக்குப் போய், அது சம்மதித்தால்தான் வண்டி நகரும்.

மாஸ்டருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவர் முதலில் ஸ்கேனரை எடுக்கவில்லை. சுவர் ஆணியில் தொங்கிய ஹெட்லைட் பல்பை எடுத்தார். 55 வாட் ஹாலஜன். அதன் காலில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, முனைகளில் கூரான ஊசி கட்டியிருந்தார். ஈசிஎம்மின் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரி மின்சாரம் வரும் பின் ஒவ்வொன்றிலும், பூமி இணைப்பு ஒவ்வொன்றிலும் அந்த ஊசியை வைத்துப் பார்த்தார்.

விலையுயர்ந்த மீட்டர் பக்கத்திலேயே கிடக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்டேன்.

"மீட்டர் கரண்டைக் குடிக்காதுங்க சார். ஒயருக்குள்ள ஒத்தை இழைதான் மிச்சம் இருந்தாலும் 12 வோல்ட்டுன்னு காட்டிப்போடும். கெணத்துக் கயிறு முக்கால்வாசி அறுந்திருந்தாலும் வெறும் வாளியத் தாங்குமுங்க. தண்ணி நெறைஞ்ச வாளி தாங்குமா? இந்த பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். இது பளிச்சுனு எரிஞ்சா அந்த ஒயரு நல்ல ஒயரு. மங்குச்சுன்னா அங்கதான் நோவு."

அன்று பார்த்ததிலேயே என் மனதில் நின்றது இந்தப் பல்புதான். தூக்கிப்போட வேண்டிய பழைய சாமானில் செய்த கருவி அது. அரை லட்ச ரூபாய்ப் பெட்டியை மாற்றுவதா வேண்டாமா என்று அதுதான் முடிவு சொல்கிறது. உப்புப் பூத்த பூமி ஒயர், எலி கடித்த இழை, கால் தளர்ந்த ரிலே என்று இவரிடம் வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் குற்றம் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. போன மாதம் ஒரு வண்டிக்கு வேறு எங்கோ புது ஈசிஎம் போட்டும் அதே கோளாறு தொடர்ந்ததாம். கடைசியில் இவர் கண்டுபிடித்தது ஷார்ட் ஆகியிருந்த ஒரு சிறிய சென்சாரை. அந்த உரிமையாளருக்குப் போன பணம் போனதுதான்.

இந்த வண்டியில் பல்பு எல்லாப் பின்னிலும் பளிச்சென்று எரிந்தது. சாக்கெட்டை மறுபடி மாட்டி, ஸ்கேனரை வைத்தார். ரெயில் அழுத்தம், ஆக்சிலேட்டர் பெடல், டர்போ அழுத்தம் என்று சம்பந்தமில்லாத சென்சார்கள் ஒரே நேரத்தில் குற்றம் சொல்லின. அத்தனை சென்சாரும் ஒரே நாளில் சாகாது. அவற்றுக்குப் பொதுவானது ஈசிஎம் தரும் 5 வோல்ட். அளந்தார், அரை வோல்ட்டுக்கும் கீழே. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏதாவது ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் அந்தச் சென்சார்தான் குற்றவாளி. எல்லாம் கழன்றும் திரும்பவில்லை. ஒயரிங்கையும் தனியே பிரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"தம்பி, சமீபத்துல வண்டில எங்கயாச்சும் வெல்டிங் வெச்சீங்களா?"

ஓட்டுநர் யோசித்தார். "ஆமாங்ண்ணா. பின்னாடி பாடிக்குக் கம்பி அடிச்சோம்."

"பேட்டரி கழட்டினாங்களா?"

இல்லை. வெல்டிங் மின்சாரம் சேஸிஸ் வழியே பூமி தேடி ஓடும்போது இந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும். பேட்டரி இணைப்பையும் ஈசிஎம் சாக்கெட்டையும் கழற்றியிருந்தால் தப்பித்திருக்கலாம்.

மூடியின் கருப்புப் பசையைச் சூடுகாட்டி இளக்கித் திறந்தார். லென்சுக்கு அடியில் ஒரு சில்லின் ஓரம் நிறம் மாறியிருந்தது. அந்தச் சில்லை மட்டும் மாற்ற அவரால் முடியும். வாலிப வயதில் காந்திபுரத்தில் ரேடியோக் கடையில் சாலிடர் பிடித்துப் பழகி, பிறகு பெரிய டப்பா டிவிகளைப் பிரித்து மேய்ந்தவர். தட்டையான டிவி வந்து, பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்று ஆனதும் கடையை மூடினார். சும்மா இருந்த நாட்களில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் செத்த ஈசிஎம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுவும் போர்டுதானே, பாருங்க" என்று நீட்டியிருக்கிறார். அங்கிருந்து தொடங்கியது இந்தத் தொழில். ஆனால் இந்தப் போர்டில் அடி அடுக்கும் கருகியிருந்தது. "லோடோட மலை எறங்குற வண்டிங்க. பெடல் சொல்றத இதுதான் கேக்கணும். ஒட்டுப்போட்டுக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மாற்றுப் பெட்டியை அதே தெருவில், விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து பிரித்து வைத்திருந்த கடையில் எடுத்தார்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தால் போதாது. பாஷ் டீசல் ஈசிஎம்களில் 0281 என்று தொடங்கும் பத்து இலக்க எண் கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டும். பிறகு பழைய பெட்டியின் நினைவகத்திலிருந்த தகவல்களைப் புதியதற்கு மாற்றும் வேலை. கணினித் திரையில் நடந்த அந்தப் பகுதி எனக்குப் பிடிபடவில்லை. எதெல்லாம் மாறுகிறது என்பது மட்டும் விளங்கியது: வண்டியின் 17 எழுத்து அடையாள எண், சாவியை அடையாளம் காணும் ரகசியம், கிலோமீட்டர், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் திருத்தக் குறியீடு. கடைசியானது தப்பினால் வண்டி புகை தள்ளும், தட்டும்.

இதே வித்தையால் கிலோமீட்டரைக் குறைக்கலாம், புகைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம். அதற்கென்றே வருபவர்கள் உண்டு. மாஸ்டர் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்.

ஆத்திரம் வருவது இதற்கு அடுத்த இடத்தில்தான். புதிய மாடல்களில் பெட்டியை வண்டியோடு இணைக்க நிறுவனத்தின் சர்வர் அனுமதிக்க வேண்டும். அந்த அனுமதி இவரைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் ஒரு புது வகைத் தரகர் முளைத்திருக்கிறார். யாருடைய கடவுச்சொல்லையோ வைத்துக்கொண்டு, எங்கோ உட்கார்ந்தபடி சில நிமிடங்களில் இணைத்துக் கொடுத்து, பழுதைக் கண்டுபிடித்தவரின் கூலியைப் போல இரண்டு பங்கு வாங்கிக்கொள்கிறார். திருட்டைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு என்பது நிறுவனங்களின் வாதம். திருட்டு பொய்யல்ல, பூட்டும் வேண்டும். ஆர்சி புத்தகத்தோடு உரிமையாளரே எதிரில் நிற்கும்போது யாருக்காக அது பூட்டியே இருக்கிறது? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பின்னணி சரிபார்க்கப்பட்டுப் பதிவு பெற்ற தனித் தொழிலாளர்களுக்குச் சாவித் தகவலைக் கொடுக்கும் ஏற்பாடும் அந்நாட்டில் இயங்குகிறது. திருட்டையும் தடுத்து, பட்டறையையும் வாழவைக்க வழியிருக்கிறது.

நம் நாட்டிலும் யாரும் கேட்காமல் இல்லை. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளில் நீண்டது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழுவின் பட்டியலில் வாகனங்களும் இருந்தன. உக்கடத்துச் சந்துவரை அதில் எதுவும் வந்து சேரவில்லை.

மாலைக்குள் பிக்கப் உயிர் பெற்றது. மாஸ்டர் உடனே சாவியைக் கொடுக்கவில்லை. என்ஜின் சூடேறும்வரை ஓடவிட்டு, நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவையும் திரையில் பார்த்து, பூமி இணைப்புகளைச் சுரண்டித் துடைத்து மறுபடி முறுக்கிய பிறகுதான் கொடுத்தார்.

அடுத்து நின்றது பிஎஸ் 6 வண்டி. அதிலும் பல்பு எரிந்தது, அதிலும் பெட்டிதான் செத்திருந்தது. ஆனால் அதை இணைக்கும் அனுமதி அவரிடம் இல்லை. தரகரைக் கூப்பிடவும் மனமில்லை. எந்தப் பின்னில் என்ன அளவு வந்தது, எந்தெந்தச் சென்சாரைக் கழற்றிப் பார்த்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி உரிமையாளரிடம் கொடுத்தார். "சர்வீஸ் சென்டருக்குப் போங்க. மொத்த ஒயரிங்கையும் மாத்தோணும்னு ஆரம்பிச்சாங்கன்னா இதக் காட்டுங்க. பெட்டி மட்டும் போட்டாப் போதும்" என்றார். பழுதைப் பிடித்த கூலி எவ்வளவு என்று உரிமையாளர் கேட்டார். வேலை முடியாத வண்டிக்குக் காசு வாங்குவதில்லை என்றார் மாஸ்டர்.