ஒல்லாந்தர் பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம். மூடியின்மேல், நான்கு சோடி எருதுகள் பூட்டிய கூண்டு வண்டி ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் கீழே அந்நிய மொழியில் ஒரு வரி. நான் விபரம் அறிந்த நாள் முதலாக அதற்கு ‘ஒல்லாந்தர் பெட்டி’ என்றே பெயர்.

அப்பெயர் வந்த வரலாறு வேடிக்கையானது. 1960களில் ஊர்ப் பாடசாலைக்கு அலுவலாக வந்த பறங்கிய உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் வீட்டில் தேநீர் அருந்தினார். அவர்தான் அந்த வரியைப் பார்த்துவிட்டு, “இது ஒல்லாந்த மொழி. ‘தெர் ஹெரினெரிங்’. ஞாபகார்த்தமாக என்று பொருள்” என்றார். தேநீரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். மிச்சம் முழுவதும் எங்கள் அண்ணரின் கைங்கரியம். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனரல்லவா? அவர்களுடைய தளபதி ஒருவன் எங்கள் முன்னோராகிய முதலியார் ஒருவருக்கு, யானை பிடித்துக் கொடுத்தமைக்காக இப்பெட்டியைப் பரிசளித்தான் என்று அண்ணர் கண்டுபிடித்தார். கலியாணப் பேச்சுக்களிலும் காணி வழக்குகளிலும் அந்த முதலியார் எங்களுக்குப் பெரிதும் உதவினார். அவர் பெயர் என்ன என்று எவரும் கேட்டதில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணம் பெயர்ந்தபோது, அம்மா அந்தப் பெட்டிக்குள் காணி உறுதிகளையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் வைத்துச் சேலையால் சுற்றி மடியில் ஏந்தி வந்தார். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த சனக்கடலில், மழையில் நனைந்து நின்ற அம்மாவுக்கு அது ஒல்லாந்தர் பெட்டியா, போர்த்துக்கேயர் பெட்டியா என்ற கவலை இருந்திராது. மூடி நன்றாகப் பொருந்தியது. நீர் உள்ளே இறங்கவில்லை. அவ்வளவுதான்.

2002 இல் கண்டி வீதி திறந்தது. மறு ஆண்டு கனடாவிலிருந்து என் சகோதரியின் மகன் வந்தான். அவனுக்குப் பெட்டி பிடித்துக்கொண்டது. “மாமா, இதன் பெறுமதி என்ன என்று ஒருதரம் பார்ப்போமே” என்றான். வீட்டுக் கூரை இன்னும் போடப்படாதிருந்த காலம். அண்ணரும் சம்மதித்தார், ஒல்லாந்தர் காலத்துப் பொருளுக்கு இலட்சக்கணக்கில் விலை வரும் என்பது அவர் எண்ணம்.

கொழும்பிலே ஒரு பழம்பொருள் வியாபாரி. வயது முதிர்ந்தவர். பெட்டியைக் கையில் எடுத்தவர் மூடியைப் பார்க்கவேயில்லை. கவிழ்த்து அடிப்பலகையைப் பார்த்தார். “இது சரக்குப் பெட்டிப் பலகை. சீவியிருக்கிறான், ஆயினும் அச்சடித்த இங்கிலீசு எழுத்துக்களின் சாயல் மீந்திருக்கிறது பாருங்கள்” என்றார். பிறகு பிணைச்சலின் திருகாணி ஒன்றைக் கழற்றினார். அதன் முனை கூராயிருந்தது. கூர்முனைத் திருகாணி இயந்திரத்தில் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் அது வழக்கில் இல்லை. “நான்கு சோடி மாடு பூட்டிய வண்டியை யாழ்ப்பாணத்தில் எங்கேயாவது கண்டீர்களா?” என்று அவர் கேட்டபோது, நாற்பது வருடமாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாயிருந்தது.

மூடியின் உட்புறத்தில் சிவப்புப் பட்டுத்துணி ஒட்டியிருந்தது. ஓரம் கிழிந்திருந்த அதனை அவர் எங்கள் அனுமதியோடு மெல்ல உரித்தார். உள்ளே கத்தியால் வெட்டிய எழுத்துக்கள்: இரண்டு முதலெழுத்துக்கள், தியத்தலாவை, 1901.

“போயர் கைதி செய்தது” என்றார் அவர்.

வாசகர்களுள் இச்சங்கதியை அறியாதார் இருக்கலாம். தென்னாபிரிக்காவிலே திரான்சுவால், ஒறேஞ்சு என்ற இரு போயர் குடியரசுகளோடு பிரித்தானியா 1899 முதல் 1902 வரை போர் செய்தது. பொன் விளையும் மண் அது. காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பிடிபட்ட போராளிகளைக் கடல்கடந்து சென் எலினா, பெர்மியூடா, இந்தியா, இலங்கை ஆகிய இடங்களுக்குக் கொண்டுசென்றார்கள். 1900 ஓகத்து தொடக்கம் இலங்கைக்கு வந்தோர் ஏறத்தாழ 5,000 பேர். பெரும்பாலோர் தியத்தலாவையில், முள்ளுக்கம்பி வேலிக்குள் தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்டனர். நெருப்புக் காய்ச்சலால் மாண்டவர்களின் புதைகுழிகள் அங்கேயே உள்ளன. உழவும் மாடும் அன்றி வேறு தொழில் அறியாத அம்மனிதர் பொழுதைப் போக்கவும் கைச்செலவுக்குக் காசு தேடவும் மரத்திலும் எலும்பிலும் கொம்பிலும் பொருள்கள் செய்தார்கள்: பெட்டி, புகைக்குழாய், கைத்தடி, காகிதக் கத்தி. அவர்கள் பேசிய மொழி வேறாகத் திரிந்துவிட்டிருந்தபோதும் எழுதியது பெரும்பாலும் ஒல்லாந்த மொழியே. அண்ணரின் முதலியார் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

விலையைப் பற்றியும் வியாபாரி ஒளிவுமறைவின்றிப் பேசினார். இடமும் ஆண்டும் வெட்டியிருப்பது நன்று. முதலெழுத்துக்களுக்குப் பதிலாக முழுப்பெயர் இருந்திருப்பின் இன்னும் நன்று. அப்பெயரைத் தேடும் பேரப்பிள்ளைகள் தென்னாபிரிக்காவில் இருக்கக்கூடும். நாங்கள் ஆண்டுதோறும் எண்ணெய் பூசி மினுக்கியது பெருங்கேடு. ஆகவே அறுபதாயிரம் ரூபா. “ஆனால், இது உங்கள் குடும்பத்துக்கு எவ்வாறு வந்தது என்று உண்மையாக எழுதி, அறிந்தவர் ஒருவரின் கையொப்பத்தோடு தந்தால் இருமடங்கு தருவேன். பொருளுக்கு அதன் வழி தெரிய வேண்டும்” என்றார்.

வழியை அறிந்தவர் ஒருவரே உயிரோடிருந்தார். என் தந்தையாரின் சகோதரி, மாமி. அப்போது அவருக்கு வயது எண்பத்தெட்டு.

“அது ஒல்லாந்தனும் இல்லை, ஒருத்தனும் இல்லை, மோனை” என்றார் மாமி. “அப்பு இளந்தாரியா மலைநாட்டுக்குப் போனவர். அங்கை வெள்ளைக்காரச் சண்டைக்காரரை அடைச்சு வைச்சிருந்த இடத்துக்குக் கொந்தராத்துக்காரன் ஒருத்தன் பாண் குடுத்தவன். அவன்ரை போறணையிலைதான் அப்புவுக்கு வேலை. முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு, உனக்கு ஞாபகம் இல்லையே?”

ஞாபகம் இருந்தது. அவை தியாகத் தழும்புகள் போல, ஏதோ தீ விபத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றியபோது ஏற்பட்டவை என்று சொல்லப்பட்டிருந்தோம். பாட்டனார் அரசாங்க லிகிதராக இருந்தவர் என்பதும் எங்களுக்குச் சொல்லப்பட்ட மற்றொரு செய்தி.

“பெட்டியைக் காசுக்கோ வாங்கினவர்?”

“காசு எங்கை? புகையிலை குடுத்து வாங்கினவர். எங்கடை ஊர்ப் புகையிலை. அந்த மனுசன் குழாயிலை வைச்சுக் குடிச்சிட்டு, கண்ணாலை தண்ணி வர இருமினவனாம். பிறகும் கேட்டவனாம்.”

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் முழுவதுமாக ஓடத் தொடங்கியது 1905 இல். அதற்கு முன்னரே, புகையிலைக் கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு எங்கள் பாட்டனார் அத்தனை தூரம் போயிருக்கிறார். முள்ளுக்கம்பிக்கு உள்ளே ஓர் உழவன். வெளியே ஓர் உழவன் மகன். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஒருவன் தன் வண்டியைச் செதுக்கிக் கொடுத்தான். மற்றவன் தன் தோட்டத்துப் புகையிலையைக் கொடுத்தான்.

இதைக் கொண்டு போயரை நான் புனிதராக்கப் போவதில்லை. அவர்களுடைய பெண்டிரும் பிள்ளைகளும் பிரித்தானியரின் முகாம்களில் 26,000 பேருக்கு மேல் மாண்டனர். கறுப்பு மக்களை அடைத்த வேறு முகாம்களில் மாண்டோர் 14,000 பேருக்கு மேல். அவர்களைப் பற்றி நெடுங்காலம் எவரும் பேசவில்லை, போயரும் பேசவில்லை. 1948 இல் போயர் வழிவந்தோரின் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவொதுக்கலைச் சட்டமாக்கத் தொடங்கிற்று. அதே 1948 இல்தான் இங்கே தியத்தலாவையைச் சூழ்ந்த தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் குடியுரிமை இழந்தனர். போயர் கைதிகள் 1902 இல் போர் முடிந்தபின் வீடு திரும்பினார்கள். லயங்களில் இருந்தவர்களுக்குத் திரும்ப இடம் இல்லை. அவர்கள் கையால் செய்த எதற்கும் வியாபாரி விலை சொல்ல நான் கேட்டதில்லை. அவர்கள் செய்ததெல்லாம் தேயிலையாகிக் கப்பலேறிவிட்டது.

சிவப்புத் துணியைப் பற்றிக் கேட்டேன். மாமி சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

“கொய்யாவுக்குக் கலியாணம் பேசேக்கை, பொம்பிளை வீட்டார் வருகினம் எண்டு அப்பு தன்ரை கையாலை ஒட்டினவர். போறணையிலை நிண்டவன்ரை மகனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? அண்டைக்குப் பிறகு அப்பு நீளக் கை வைச்ச சட்டைதான் போட்டவர்.”

நான் எழுதினேன். தியத்தலாவை, போறணை, புகையிலை, துணி என்று ஒன்றும் விடாமல் ஒரு பக்கம். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்துக் கையொப்பமிட்டார். வீட்டுக்கு மூத்தவர் என்ற முறையில் அண்ணரும் ஒப்பமிட வேண்டுமென்று மருமகன் விரும்பினான். அண்ணர் தாளை வாசித்தார். மடித்து என்னிடமே தந்தார். “அறுபதாயிரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக எங்கள் அப்புவை ஊரறியக் கூலிக்காரன் ஆக்க நான் சம்மதிக்கமாட்டேன்” என்றார். அவரோடு வாதிட்டேன்; கடுமையாகவும் பேசினேன். அவர் அழுதார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் ஒட்டிய துணியை இன்னொருவர் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போது எனக்குக் கோபந்தான் வந்தது. பாட்டனார் எந்த ஊருக்குப் பயந்து நீளக்கைச் சட்டை போட்டாரோ, அந்த ஊரில்தான் அண்ணரும் ஆயுள் முழுவதும் வாழ்ந்தார் என்பதை நான் பின்னரே எண்ணிப் பார்த்தேன்.

மருமகன் பெட்டியை விற்கவில்லை. கூரைக்கு வேறு வழியில் பணம் அனுப்பினான். துணியை நாங்கள் மீண்டும் ஒட்டவில்லை. மாமி கையொப்பமிட்ட தாள் உறுதிகளோடு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வருகிறவர்களுக்கு அண்ணர் அதன்பின்னும் மூடியை மட்டுமே காட்டினார், திறந்து காட்டவில்லை. ஆனால், முதலியார் கதையை அவர் சொல்லி நான் பிறகு கேட்டதில்லை.