நாலு மணிச் சோதனை

திருநீற்றுப் புதன்

திருச்சபை கட்டளையாகக் கேட்பது கொஞ்சம்தான். 18 வயது நிறைந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும்வரை இன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி இருக்க வேண்டும். அதற்கு மேல் அவரவர் மனதார ஏற்கும் ஒறுத்தல். நான் டீயை விட்டிருக்கிறேன். டீக்காசு தவக்கால உண்டியலுக்கு.

பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் இதைச் சொல்லி, எனக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னேன். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 49-ஆம் அதிகாரம் இதைத்தான் கேட்கிறது. தவக்காலத்தில் கூடுதலாக எதைச் செய்தாலும் மடத்தலைவரிடம் சொல்லி, அவருடைய செபத்தோடும் இசைவோடும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது வீண்பெருமைக் கணக்கில் சேரும்.

வெள்ளி

நாலு மணி. கீழே கடையில் இஞ்சி தட்டிப் போடுகிற வாசனை மாடிவரை வருகிறது. தலை வலிக்கிறது. மனசு வாதாடத் தொடங்குகிறது: அரை கிளாஸ் மருந்து மாதிரிதானே? வேலை கெட்டுப்போனால் அது மட்டும் சரியா? ஆண்டவர் போயும் போயும் டீயையா பார்க்கப் போகிறார்? ஒவ்வொன்றும் நியாயமாகவே படுகிறது.

தவக்காலம் முதல் ஞாயிறு

எல்லா ஆண்டும் இன்றைக்கு வாசிப்பது பாலைநிலச் சோதனைதான். மத்தேயு சொல்கிறபடி, இயேசு மூன்று முறையும் இணைச்சட்ட நூலின் வாக்கு ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஏவாளோ பாம்புக்குப் பேச்சுக் கொடுத்தாள்.

இதை நுணுக்கமாகக் கண்டவர் எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டிநோபிளை விட்டு எகிப்தின் பாலைநிலத்தில் தவம் செய்து 399-இல் இறந்தவர். எட்டு தீய எண்ணங்களுக்கு எதிராகச் சொல்ல வேண்டிய மறைநூல் வாக்குகளை ஒரு நூலாகவே தொகுத்து வைத்தார். முதலில் வருவது பெருந்தீனி! அவர் வழிவந்த ஜான் காசியன் இன்னும் எளிதாக்கினார். பசியோ தூக்கமோ கோபமோ, எதுவானாலும் ஒரே வரி: 70-ஆம் திருப்பாடலின் தொடக்கம். கடவுளே, விரைந்து வந்து காப்பாற்றும் என்று கூப்பிடுகிற வரி. நீண்ட செபத்துக்கு அந்த நேரத்தில் மனம் நிற்காது. ஒரு வரிக்கு நிற்கும்.

மூன்றாம் வாரம், செவ்வாய்

“அண்ணே, ஒரு வாய் குடிங்க. யார் பார்க்கப் போறா?” என்று தம்பி கிளாஸை நீட்டினான். அவனுக்குப் பதில் சொல்லுமுன் அந்த வரியை உள்ளுக்குள் சொல்லிவிட்டேன். ஆசை போய்விடவில்லை, நாக்கு ஊறிக்கொண்டுதான் இருந்தது. ஆசையை எடுத்துவிடும் என்று நான் கேட்பதும் இல்லை. அது இருக்கும்போது நீர் என்னோடு இரும் என்பதே என் மன்றாட்டு. இந்த ஒறுத்தலால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், நாலு மணி செப நேரம் ஆகிவிட்டதுதான்.

வெள்ளி, சிலுவைப் பாதை

மூன்றாம் நிலையில் விழுந்த ஆண்டவருக்கு ஐந்தாம் நிலையில் சீமோன் தோள் கொடுக்கிறார். கோயிலைவிட்டு வெளியே வரும்போது தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, புகையிலையை விடப் பார்ப்பதாகவும் சாயங்காலம் ஆனால் முடியவில்லை என்றும் சொன்னான். அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தேன். நாளையிலிருந்து அவன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.